பிடரியில் வைத்த கை

அவருடைய கை எப்போதும் சில்லென்று இருக்கும். காலைப் பயிற்சி முடிந்து நாங்கள் மூச்சு வாங்க நிற்கும்போது சத்தமில்லாமல் பின்னால் வந்து, இரட்டைப் பின்னலுக்கு நடுவே பிடரியில் புறங்கையை வைப்பார். வைத்த கையை உடனே எடுக்கமாட்டார். காய்ச்சல் பார்க்கும் தாதியைப்போல் கொஞ்ச நேரம் யோசிப்பார். பிறகு தீர்ப்பு வரும்.

"காய்ஞ்சு கிடக்கு பிள்ளை. நீ ஓடேல்லை. ஓடுற ஆக்களைப் பாத்துக்கொண்டு நிண்டனி. திரும்பப் போய் ஓடு."

எங்கள் பாடசாலையின் பி.டி. மிஸ் அவர். யாழ்ப்பாணத்துக்காரர். சண்டையில் ஊரை விட்டு வந்து, கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு வீட்டின் பின்னறையில் தனியாக இருந்தார். ஒரு முழங்கால் சரியில்லை. நடக்கும்போது உடம்பு லேசாக ஒரு பக்கம் சாயும். ஒருகாலத்தில் பெரிய ஓட்டக்காரியாம். வலைப்பந்து விளையாடும் பிள்ளை ஒருத்தி, "மிஸ், நீங்க வாங்கின கப்பெல்லாம் எங்க?" என்று கேட்டதற்கு, "கப்பெல்லாம் ஷோகேசுக்குள்ள இருந்தது. இப்ப ஷோகேசும் இல்லை, வீடும் இல்லை" என்று சொல்லிவிட்டு விசிலை ஊதினார்.

வேர்வைதான் அவருக்குச் சாட்சி. வேறு எதையும் நம்பமாட்டார். மழை பெய்தால் பயிற்சி இல்லை. சளி பிடிக்கும் என்பதற்காக அல்ல. "மழையில ஆர் ஓடினது, ஆர் நிண்டது எண்டு எனக்கெப்பிடித் தெரியும்?" என்பார். ஓர் ஆண்டு பாடசாலை இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டியில் ஆசிரியைகளுக்குக் கரண்டியில் எலுமிச்சங்காய் ஏந்தி ஓடும் தேசிக்காய் ஓட்டம் வைத்தார்கள். புவியியல் டீச்சர் முதலாவதாக வந்து, கரண்டியைத் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டு நின்றார். இவர் போய் அவருடைய பிடரியில் கையை வைத்தார். மைதானமே பார்த்துக்கொண்டிருந்தது.

"டீச்சர் நடந்துதான் வந்தவ. தேசிக்காயைப் பெருவிரலால பிடிச்சிருக்கிறா. ரெண்டாவதா வந்தவவுக்குக் குடுங்கோ."

புவியியல் டீச்சர் அந்தத் தவணை முழுவதும் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து வந்தவள். எங்கள் வீட்டில் பாடசாலைச் சீருடையைக் கடைசி வகுப்புவரை போட்டவள் நான் மட்டும்தான். என் முன்னேற்ற அறிக்கையில் கையெழுத்துப் போடுவதற்காகவே அப்பா தன் பெயரை எழுதப் பழகினார். அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. தலையை நிமிர்த்தியே சொல்வேன். பட்டணத்துப் பிள்ளைகள் படித்த வகுப்பில் அவர்களைவிட அதிகப் புள்ளி எடுத்தேன். சதுரங்கக் கழகத்தில் சேர்ந்து, சேர்ந்த ஆண்டே மூத்த பிள்ளைகளைத் தோற்கடித்தேன். அந்தக் கறுப்பு வெள்ளைப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தால் நான் எந்த லயத்திலிருந்து வந்தேன் என்று யாரும் கேட்க முடியாது. எனக்கு அது போதும்.

அப்படியிருக்க ஒருநாள் அவர் என்னை மைதானத்தின் ஓரத்தில் மறித்தார்.

"நீ ஹந்தானையில இருந்து தினமும் நடந்தோ வாறனி?"

"ஆமாங்க மிஸ். பஸ் வராத நாளுல."

"மலை ஏறி இறங்குற நெஞ்சு. மரதன் ஓட்டத்துக்கு வா. இந்தப் பாடசாலையில உனக்கு முன்னால ஓட ஒருத்தியும் இல்லை."

வேறு யாராவது என்றால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். எனக்குக் கோபம் வந்தது. எங்கள் ஆட்களைப் பார்த்த உடனே எல்லோருக்கும் காலும் முதுகும்தான் கண்ணில் படுகின்றன. அம்மாவின் காலைப் பார்த்தார்கள், அம்மாவின் அம்மாவின் காலைப் பார்த்தார்கள். இப்போது இவர் என் காலைப் பார்க்கிறார்.

"எங்க ஆளுக மலை ஏறுனது போதுங்க மிஸ். நான் ஒக்காந்தே ஜெயிக்கிறேன்."

அவர் கோபிக்கவில்லை. பல் தெரியச் சிரித்தார்.

"இரு பிள்ளை, இரு. ஆர் வேண்டாமெண்டது? ஆனா அதை விளையாட்டெண்டு மட்டும் சொல்லாதை."

சண்டை அங்கேதான் தொடங்கியது. எங்கள் பாடசாலையில் வலைப்பந்து, ஓட்டம், எறிதல் எல்லாம் விளையாட்டு. அவற்றில் வென்றவர்களுக்கு வர்ண விருது. சின்னம் தைத்த மெரூன் நிறப் பிளேசர். சதுரங்கமோ விவாதக் கழகத்தோடும் பூ அலங்காரத்தோடும் சேர்ந்த ஒரு கழகம். எவ்வளவு வென்றாலும் ஒரு சான்றிதழ், அவ்வளவுதான். பிளேசர் போட்ட பிள்ளைகள் காலைக்கூட்டத்தில் முன்வரிசையில் நிற்பார்கள். எனக்கு அந்த முன்வரிசை வேண்டும். அதுவும் காலால் அல்ல, தலையால் வேண்டும்.

எங்கள் சதுரங்கக் குழுவின் தலைவி அக்குறணையிலிருந்து வரும் பிள்ளை. வாப்பாவுக்குத் துணிக்கடை. பேச்சில் பின்வாங்கமாட்டாள். அவளும் நானும் அதிபரிடம் போய், சதுரங்கத்தையும் விளையாட்டில் சேர்க்க வேண்டும் என்று கேட்டோம். அதிபர் பி.டி. மிஸ்ஸைக் கூப்பிட்டு எங்கள் முன்னாலேயே கேட்டார்.

"அப்ப தேங்காய் துருவுறதுக்கும் பிளேசர் குடுப்பமோ மெடம்? அதில கையாவது நோகும்" என்றார் மிஸ்.

நான் விடவில்லை. "துவக்குப் போட்டியில சுடுறவங்க நின்ன எடத்துலதானே மிஸ் நிக்கிறாங்க? அது மட்டும் எப்படி விளையாட்டு?"

"நிக்கிறதும் உடம்பாலதான் பிள்ளை. மூச்சைப் பிடிச்சு அசையாமல் நிண்டு பார், தெரியும்."

"யோசிக்கிறதும் கஷ்டம்தான் மிஸ். ஒங்களுக்கு வெளங்காது" என்று தலைவி சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"கஷ்டம் எண்டு நானும் சொல்லுறன். கணக்குச் சோதனையும் கஷ்டம். அதுக்கு ஆரும் விசில் ஊதுறேல்லை."

அதிபருக்கு இருவரும் சொல்வது சரியாகவே பட்டது என்று நினைக்கிறேன். கடைசியில் அவர் ஒரு வழி சொன்னார். மாகாணச் சதுரங்கப் போட்டிக்குப் பி.டி. மிஸ்ஸே எங்களைக் கூட்டிக்கொண்டு போகட்டும். இருந்து பார்க்கட்டும். பார்த்துவிட்டு வந்து அவர் விளையாட்டு என்றால் விளையாட்டு. இல்லை என்றால் இந்தப் பேச்சு இனி வேண்டாம்.

அன்று மாலை அம்மாவிடம் சொன்னேன். கூடையை இறக்கிவிட்டு, காலில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அட்டை கடித்த இடம்.

"ஒக்காந்து விளையாடுறதுக்கா அந்த மிஸ்ஸம்மாகூட மல்லுக்கு நின்ன?"

"அதுக்கும் மூள வேணும்மா."

"வேணும்டி. நான் இல்லேன்னா சொல்றேன்? ஆனா ஒக்காந்துக்கிட்டு ஓடுறவளுக்குச் சமமா கோட்டு கேக்குறியே, அதத்தான் கேக்குறேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். "கோட்டு குடுத்தா எனக்கும் ஒண்ணு கேளு. நான் ஏறாத மலையா?"

போட்டி கண்டி நகரில், ஓர் ஆண்கள் பாடசாலை மண்டபத்தில் நடந்தது. மிஸ் வழக்கமான நீல ட்ராக்சூட்டோடு வந்தார். கழுத்தில் விசில் வேறு. சுவரோரத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, கச்சான் கடலைப் பையைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டார். ஆரம்பச் சுற்றுகளில் கொட்டாவி விட்டார். ஒருமுறை தூங்கியும் போனார். நாங்கள் வென்றுகொண்டே போனோம். பின்னேரம் இறுதிச் சுற்று. எனக்கு எதிரே, நகரத்துப் பாடசாலை ஒன்றின் சிங்களப் பிள்ளை. மெலிந்த விரல்கள், மிகவும் மரியாதையான பிள்ளை.

மற்ற மேசைகள் முடிந்துவிட்டன. நாங்கள் ஒரு படி முன்னே இருந்தோம். நான் சமநிலை செய்தாலே கிண்ணம் எங்களுடையது. தோற்றால் கை நழுவிவிடும். என் பலகையிலோ இரண்டு பக்கமும் சமம். ஆளுக்கு ஒரு கோட்டை, சில காலாட்கள், அவ்வளவுதான் மிச்சம். அந்தப் பிள்ளை நகர்த்திவிட்டு, தலையைச் சாய்த்து மெதுவாகக் கேட்டது: "டிரோ?"

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் தெரிந்தது.

மாதாமாதம் வருவது, நாள் கணக்குத் தவறி, முன்னதாகவே வந்துவிட்டது. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. கதிரையின் பலகை ஈரமாக இருந்தது. என் சீருடை வெள்ளை. எங்கள் எல்லோருடைய சீருடையும் வெள்ளை.

சமநிலை என்றால் ஆட்டம் முடிந்தது; எழுந்து கை குலுக்க வேண்டும். இருவரும் நடுவர் மேசைக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். அந்த மேசை மண்டபத்தின் மறுகோடியில் இருந்தது. இடையில் வரிசை வரிசையாக ஆட்டம் முடிந்த பையன்களும் பிள்ளைகளும் சுவரில் சாய்ந்து எங்கள் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நோ" என்றேன்.

எங்கள் தலைவி கண்ணை விரித்தாள். ஆட்டம் நடக்கும்போது பேசக்கூடாது. அதனால் இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, "குடு, கையைக் குடு" என்று காட்டினாள். நான் பலகையைப் பார்த்தேன். கோட்டையை ஒரு கட்டம் தள்ளினேன். மண்டபம் காலியாகும்வரை இந்த ஆட்டம் முடியக்கூடாது. என் தலையில் வேறு எந்தத் திட்டமும் இருக்கவில்லை.

ஆனால் சும்மா இழுத்துக்கொண்டிருக்கவும் முடியாது. ஒரே நிலை மூன்று தடவை வந்தால் எதிராளி சமநிலை கேட்டு வாங்கிவிடலாம். கோட்டையை முன்னும் பின்னும் நகர்த்தினால் அது நடந்துவிடும். ஆகவே ஒவ்வொரு தடவையும் எதையாவது புதிதாகச் செய்யவேண்டியிருந்தது. நிம்மதியாக நின்ற காலாளை முன்னே தள்ளினேன். பாதுகாப்பாக இருந்த ராஜாவை நடுவுக்குக் கொண்டுவந்தேன். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அந்தப் பிள்ளை இன்னொரு தடவை டிரோ கேட்டது. மறுத்தேன். பிறகும் கேட்டது. அதன் முகத்தில் குழப்பம் ஏறியது. சமமான பலகையில் இவளுக்கு மட்டும் என்ன தெரிகிறது என்று அது தேடத் தொடங்கியது. அங்கே ஒன்றும் இல்லை. நான்தான் வெட்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

தேநீருக்கு மணி அடித்தார்கள். கூட்டம் கலையும் என்று பார்த்தால், பாதிப் பேர் கோப்பையோடு திரும்பி வந்து நின்றார்கள். என் தொடைகள் மரத்துப்போயின. அடிவயிறு இழுத்தது. மிஸ் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. ஒரு கண்ஜாடை காட்டியிருந்தால் வந்திருப்பார். ஆனால் உட்கார்ந்தே வெல்கிறேன் என்று அவரிடம்தானே சொன்னேன்? உலகத்தில் வேறு யாருக்குத் தெரிந்தாலும் அவருக்குத் தெரியக்கூடாது.

கடைசியில் அந்தப் பிள்ளைதான் களைத்தது. இல்லாத ஒன்றைத் தேடித் தேடி, தன் கோட்டையைத் தவறான இடத்தில் வைத்தது. வைத்த கையை எடுத்த உடனே அதற்கும் தெரிந்துவிட்டது. இன்னும் சில நகர்வுகள். பிறகு தன் ராஜாவை மெல்லச் சாய்த்துவிட்டு எழுந்து கையை நீட்டியது. நான் உட்கார்ந்தபடியே கை கொடுத்தேன். எங்கள் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள்.

அவர்கள் வந்து சேருமுன் என் பிடரியில் ஒரு சில்லென்ற புறங்கை பட்டது.

அது வழக்கத்தைவிட நெடுநேரம் அங்கேயே இருந்தது. பிறகு நீலச் சட்டை ஒன்று என் மடியில் விழுந்தது.

"எழும்பாதை. இதை இடுப்பில கட்டு" என்றார் மெதுவாக. அடுத்த நொடி விசிலை எடுத்து ஊதினார். மண்டபமே திடுக்கிட்டது. "எல்லாரும் வெளியில போங்கோ! பிள்ளை களைச்சுப் போனாள். காத்து வரட்டும். போங்கோ எண்டெல்லோ சொல்லுறன்!"

கழுவும் அறையில் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எப்ப தொடங்கினது?"

"மொதத் தடவ டிரோ கேட்டப்போதான் தெரிஞ்சுச்சு மிஸ்."

வரும் வழியில் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் பக்கம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, மிச்சக் கச்சானைத் தலைவியிடம் நீட்டினார்.

அடுத்த நாள் அதிபரின் அறையில் நான் நின்ற நிலை எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. மிஸ் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். இந்தப் பிள்ளை போராடவில்லை மெடம், எழும்ப முடியாமல் இருந்தாள் என்று சொல்லலாம். சொன்னால் அது உண்மை.

"என்ன மிஸ், விளையாட்டா இல்லையா?" என்று அதிபர் கேட்டார்.

"ஓம், விளையாட்டுத்தான். வேர்த்தது."

"அவ்வளவுதானா?"

"நான் கை வைச்சுப் பாத்தனான் மெடம்."

அத்தோடு தீர்ந்தது. சதுரங்கம் விளையாட்டானது. எங்கள் குழுவுக்குப் பிளேசர் கிடைத்தது. தலைவி என்னைக் கட்டிப்பிடித்து, "நீ பைத்தியக்காரிதான்டி, ஆனா அல்லாஹ்வே, என்ன தைரியம்!" என்றாள். வர்ணம் சூட்டும் விழாவில் அதிபர் அந்த ஆட்டத்தைப் பற்றியே பேசினார். சமநிலையே போதும் என்றிருந்தும் மறுத்தவளாம். வெற்றி கிடைக்கும்வரை இருக்கையை விட்டு எழுந்திராதவளாம். இருக்கையை விட்டு என்று அவர் சொன்னபோது மண்டபம் கைதட்டியது. என் காது எரிந்தது. குனிந்து பிளேசரின் பொத்தானைப் பார்த்தேன். அடக்கமான பிள்ளை என்று அதற்கும் கைதட்டினார்கள்.

ட்ராக்சூட் சட்டையைத் துவைத்து, மடித்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். அவர் வலைப்பந்துக் கம்பத்தடியில் நின்றார்.

"மிஸ், அது விளையாடி வந்த வேர்வ இல்லீங்க."

"தெரியும்."

"அப்ப ஏன் மிஸ் அப்படிச் சொன்னீங்க?"

அவர் சட்டையை வாங்கி முகர்ந்து பார்த்தார். "நல்லாத் துவைச்சிருக்கிறாய்" என்றார். பிறகு மைதானத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஊரில ஒருக்கா பெரிய ஓட்டம். வெள்ளைக் கட்டைக் காற்சட்டை. பாதி ஓடேக்கதான் எனக்குத் தெரிஞ்சது. முடிவுக் கோடு வந்தது. நான் நிக்கேல்லை பிள்ளை. கோட்டைத் தாண்டி, மைதானத்தைத் தாண்டி, பனங்காணிக்குள்ள போய்த்தான் நிண்டனான். சனம் கை தட்டின தட்டு... இப்பிடி ஒரு ஓட்டக்காரியைக் கண்டதில்லை எண்டு கதைச்சவை."

"முதலாவதாவா மிஸ் வந்தீங்க?"

"பின்னே? எல்லாத்திலயும் பெரிய கப்பு அதுதான். ஷோகேசில பின்னுக்கு வைச்சிருந்தனான்."

வலைப்பந்துப் பிள்ளைகள் பந்தோடு வந்துவிட்டார்கள். அவர் விசிலை வாயில் வைத்தார். என்னை மறந்துவிட்டார் என்று நினைத்துத் திரும்பும்போது, பிடரியில் கை பட்டது.

"இப்ப காய்ஞ்சிட்டுது. வீட்ட போ."

அதெல்லாம் வெட்கப்பட வேண்டிய காரியமே இல்லை என்று இன்று எனக்குத் தெரியும். என்னைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு நானே அப்படிச் சொல்லிக் கொடுக்கிறேன். சதுரங்கம் விளையாட்டா என்று யாராவது கேட்டால் மட்டும் இன்றும் வாய் வருவதில்லை. தலையால் வாங்குவேன் என்று நின்ற பிளேசரை உடம்புதான் வாங்கிக் கொடுத்தது. அது தெரிந்த ஒரே ஆளும் சில மாதங்களில் இடமாற்றம் கிடைத்து வவுனியா பக்கம் போய்விட்டார். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

பிளேசரை முதன்முதலாக வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போன அன்று, அம்மா அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி வந்து வாசலில் குனிந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, என்னை மேலும் கீழும் பார்த்தார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுச் சின்னத்தைத் தொட்டார்.

"ஒக்காந்ததுக்கா குடுத்தாங்க?"

"ஒக்காந்ததுக்குத்தாம்மா."

"நல்லா இருக்குடி" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்தார். கூடைக் கயிறு அழுத்திய தடம் தலைத்துண்டில் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, என்ன செய்கிறேன் என்று யோசிக்குமுன்பே, அவருடைய பிடரியில் என் புறங்கையை வைத்தேன். நனைந்து வழிந்தது. கையை எடுக்கத் தோன்றவில்லை.

அம்மா திரும்பாமலே கேட்டார்.

"என்னாடி, கை இப்புடிச் சில்லுன்னு இருக்கு?"